சுருதி சேராத கிட்டாரும் வேகம் ஏறாத விரலும்

கேள்வி: எனக்கு வயது 34. கொழிஞ்சாம்பாறையில் வீடு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னை நார் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி, வீடியோக்களைப் பார்த்தே பழகிவருகிறேன். இருபது பாடல்களின் தொடக்கம் தெரியும். ஒன்றுகூட முடிவுவரை வராது. வேகமாக வாசிக்கப் போனால் விரல்கள் பின்னிக்கொள்கின்றன. ட்யூனர் சரியென்று காட்டினாலும் மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) அபசுரம் ஒலிக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் ஓயாத இரைச்சல் வேறு. சில நாள் கம்பியைத் தொட்டால் சுருக்கென்கிறது. புதுக் கிட்டார் வாங்குவதா, ஒலியை மாற்றித்தரும் எஃபெக்ட்ஸ் பெடல் வாங்குவதா, அல்லது இந்த வயதில் இது வேண்டாம் என்று விட்டுவிடுவதா?

பதில்: கம்பியைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வேகம், சுருதி எல்லாம் அப்புறம். இதைப் படித்தவுடன் ஆம்ப்ளிஃபயரின் ப்ளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மறுபடி மாட்டாதீர்கள். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், அவற்றை அடியில் தாங்கும் பிரிட்ஜ், கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடும், அங்கிருந்து ப்ளக்கின் மூன்றாவது பின்னோடும் இணைந்திருக்கின்றன. அந்தப் பின் பூமிக்குப் போகவேண்டும். வீட்டு எர்த் அறுந்திருந்தாலோ, மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தாலோ, கசிகிற மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் பூமிக்கு இறங்கும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று வாசித்தால் அது உயிரையே எடுக்கலாம். எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயரையும் ஒரு முறை திறந்து பார்க்கவேண்டும். கிட்டாருக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில் முதல் செலவு இதுதான்.

இரைச்சல் வேறு விஷயம், அதில் ஆபத்து இல்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அதுதான் உங்கள் இசை. அதே சுருள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் பிடித்துக்கொள்கிறது. 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இருப்பதால் முனகல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் அது இருக்கத்தான் செய்யும். எர்த் சரியான பிறகு, கம்பிகளைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் ஆகியவற்றிலிருந்து தள்ளி உட்காருங்கள். இருந்த இடத்திலேயே கிட்டாரைக் கால்வாசி திருப்பிப் பார்த்தால் சத்தம் பாதியாகக் குறைவதும் உண்டு.

இனி அபசுரம். பாலக்காட்டில் ஒரு சிறிய அறையில் பல வருடங்களாகக் கிட்டார்களைப் பழுதுபார்த்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். என்னிடம் ‘இந்தக் கிட்டார் சரியில்லை’ என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை நல்ல கிட்டார்கள். அவற்றை யாரும் சரிசெய்து வைக்கவில்லை, அவ்வளவுதான். நம் ஊர்க் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கிறது. மரம் ஈரத்தைக் குடித்து உப்புவதும் உலர்ந்து சுருங்குவதுமாக இருக்க, கிட்டாரின் கழுத்து இம்மி அளவு வளைகிறது. கம்பியின் உயரம் மாறுகிறது, சுருதியும் அதோடு போகிறது. வருடத்துக்கு இரண்டு முறை இதைச் சரிபார்க்கவேண்டிய நிலப்பகுதியில் நாம் இருக்கிறோம்.

முதலில் புதுக் கம்பி மாட்டுங்கள். துருவும் வியர்வையும் ஏறிய பழைய கம்பி எந்தச் சரிசெய்தலுக்கும் அடங்காது. 9–42 அளவுள்ள மெல்லிய செட் உங்களுக்குப் போதும். பிறகு ஆறாவது கம்பியை, அதாவது இருப்பதிலேயே தடித்ததை, முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே சமயம் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய விசிட்டிங் கார்டின் கனம், கால் மில்லிமீட்டர் அளவு, இருந்தால் கழுத்து நன்றாக இருக்கிறது. இல்லையென்றால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகவேண்டும். முதல் முறை இதைப் பழகிய கையிடம் விடுங்கள். செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அடுத்து உயரம்: 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி சுமார் 2 மி.மீ., முதல் கம்பி சுமார் 1.5 மி.மீ. இதற்கெல்லாம் பிறகுதான் நீங்கள் சொல்லும் அபசுரத்தின் மூலத்துக்கு வருகிறோம். 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அங்கே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒரு நாதம் வரும். அதை ட்யூனரில் பாருங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி அமர்ந்திருக்கும் சிறு துண்டான சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கவேண்டும். தாழ்ந்திருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்தவேண்டும். கம்பியைச் சற்றுத் தளர்த்தி, திருகி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி சோதியுங்கள். ஆறு கம்பிக்கும் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

அப்படியும் அபசுரம் மிச்சமிருந்தால் அது உங்கள் இடக்கையில் இருக்கிறது. தானே கற்றவர்கள் பெரும்பாலும் தேவைக்கு இரு மடங்கு அழுத்துகிறார்கள். உயரமான ஃப்ரெட்டில் அளவுக்கு மீறி அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் விரலை வைத்து, தெளிவாக ஒலிக்கும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். வேகம் ஏறாததற்கும் இந்த அதிக அழுத்தமே பாதிக் காரணம்.

மீதிப் பாதிக்கு உங்கள் வாசற்படியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கோயில் திருவிழாக்களில் செண்டை முழங்கும் பஞ்சாரி மேளத்தைத் தொடக்கத்திலிருந்து நின்று கேட்டிருக்கிறீர்களா? அதற்கு ஐந்து காலங்கள், அதாவது வேக நிலைகள். முதல் காலத்தில் ஒரு சுற்று 96 அட்சரம் (தாள எண்ணிக்கை). அடுத்து 48, பிறகு 24, 12, கடைசியில் 6. நாம் சிலிர்த்துப்போகிற கடைசி வேகத்துக்கு வர, செண்டைக்காரர்கள் எவ்வளவு நேரம் அந்த அகன்ற, மெதுவான முதல் காலத்தில் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒருவரும் அவசரப்படுவதில்லை. நம் சரளி வரிசையும் மூன்று காலத்தில் அதையே சொல்கிறது. வீடியோவில் பாடம் நடத்துகிறவர் முப்பது வினாடியில் வேகத்துக்குப் போய்விடுகிறார். அவர் பல வருடம் நின்ற முதல் காலத்தை வீடியோ காட்டுவதில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள்; போனிலேயே கிடைக்கும். உங்களுக்குப் பின்னிக்கொள்ளும் ஒரு வரியை மட்டும் எடுத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம் வாசியுங்கள். தட்டு அப்படியே இருக்கட்டும். ஐந்து முறை தொடர்ந்து பிசகாமல் வந்த பிறகு தட்டுக்கு இரண்டு சுரம், அதுவும் அமைந்த பிறகு நான்கு. பிசகு வருகிற இடத்தைக் குறித்துவைத்தால் ஒன்று புலப்படும். பின்னல் எல்லா இடத்திலும் விழுவதில்லை. பெரும்பாலும் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குத் தாவும் அந்த ஒரே இடத்தில்தான் விழுகிறது. கீழே அடித்த பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு), போகவேண்டிய கம்பிக்குத் தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. முழு வரியையும் நூறு முறை ஓட்டாதீர்கள். தாவலுக்கு முன் இரண்டு சுரம், பின் இரண்டு சுரம், கீழ்-மேல்-கீழ்-மேல் என்று பிக்கின் திசை மாறாமல் அந்த நான்கை மட்டும் வாசியுங்கள். ஒரு வாரத்தில் முடிச்சு அவிழும்.

இன்னொன்று, எலக்ட்ரிக் கிட்டாருக்கே உரியது. அதில் வாசிக்காத கம்பிகளை அடக்குவதும் வாசிப்பில் பாதி. வலது உள்ளங்கையின் விளிம்பு கீழ்ச்சுரக் கம்பிகள் மேல் லேசாகப் படிந்திருக்கட்டும். இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி மேல்சுரக் கம்பிகளைத் தொட்டு நிற்கட்டும். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றிய ஒலி மெல்லிய அடியையும் வலிய அடியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் உங்கள் கையின் ஏற்றத்தாழ்வு அதில் மறைந்துபோகும். சுத்தமான ஒலியில் அது அப்படியே தெரியும். மாறாக, அடங்காத கம்பிகளின் சலசலப்பு சுத்தமான ஒலியில் மறைந்து டிஸ்டார்ஷனில் கத்தும். ஒவ்வொரு பயிற்சியையும் இரண்டிலும் வாசித்துப் பாருங்கள். பெடல் வாங்காமலே கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் கெயின் குமிழில் இதைச் செய்யலாம்.

எனக்கும் ஆசிரியர் வாய்க்கவில்லை. பாடங்கள் எனக்கு எப்படியோ கிடைத்தன. நான் வாசிப்பதைக் கேட்டு ‘இங்கே தாளம் ஓடுகிறது, அங்கே சுரம் தாழ்கிறது’ என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை உங்கள் காதே செய்யவேண்டும், அதற்கு ஒரே வழி பதிவு. வாசிக்கும்போது மனம் விரல்களில் இருக்கும். அப்போது கேட்பது அரைகுறைக் கேட்புதான். தினமும் கடைசி ஐந்து நிமிடத்தைப் போனில் பதிவுசெய்து, மறுநாள் பொள்ளாச்சி பஸ்ஸில் கேளுங்கள். கிட்டார் கையில் இல்லாமல் கேட்கும்போதுதான் உங்களுக்கு உண்மை கேட்கும். முதல் வாரம் மனம் நோகும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், நான் கற்றதில் பெரும்பகுதி அப்படிக் கேட்டதிலிருந்து வந்தது.

காதைத் தீட்ட, கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பயன்படுத்துங்கள். எல்லா வீடியோக்களும் ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்கும் மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வடிவத்தைச் சொல்லித்தந்திருக்கும்: ஆறாவது கம்பியில் 5, 8-ஆம் ஃப்ரெட்; ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளில் 5, 7; இரண்டிலும் ஒன்றிலும் 5, 8. அந்தச் சுரங்கள் நமக்குச் சுத்த தன்யாசி ராகம். அதே ஐந்து சுரங்களில், ஆறாவது கம்பியின் எட்டாவது ஃப்ரெட்டை ஸட்ஜமாக வைத்தால் மோகனம். கிரக பேதம் என்று பாட்டுக்காரர்கள் சொல்வது இதைத்தான். சுரவரிசை மட்டுமே ராகம் ஆகிவிடாது, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் சிறுவயதிலிருந்து காதில் விழுந்த ராகம் என்று தெரிந்தால், வடிவத்தை மனப்பாடம் செய்யாமல் பாடிப் பார்த்து வாசிக்க முடியும். வாயால் பாடுங்கள், பிறகு கம்பியில் தேடுங்கள். பாலக்கொல்லில் பிறந்த மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தின் நுட்பங்களை எல்லாம் கொண்டுவந்தார். பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் நம் இசைக்குத் தடை இல்லை.

கம்பியை இழுத்துச் சுரத்தை ஏற்றும் பெண்டிங்குக்கும் இதே காதுதான். இரண்டாம் கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை மீட்டுங்கள். அது நீங்கள் எட்டவேண்டிய சுரம். பிறகு மூன்றாம் கம்பியின் ஏழாவது ஃப்ரெட்டை மோதிர விரலில் வைத்து, மற்ற இரண்டு விரல்களையும் பின்னால் துணைக்கு நிறுத்தி, பூட்டில் சாவி திருப்புவது போல மணிக்கட்டால் தள்ளி அந்தச் சுரத்துக்கு ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், நெருங்க நெருங்க ஒரு அலையாட்டம் கேட்கும். அது மெதுவாகி, நின்றுவிடும் இடமே சரியான இடம். ட்யூனரைப் பார்க்காமல் சுருதி சேரும் அந்தக் கணத்தை முதன்முதலாகக் கேட்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 34 ஒரு தடையே இல்லை. நேரம் குறைவு என்பதுதான் உங்கள் நிலைமை. விரல் நுனி வலிப்பது இயல்பு, காய்த்துவிடும். மணிக்கட்டில் வலியோ விரலில் மரப்போ வந்தால் அன்றே நிறுத்துங்கள். விடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிட, ஆலையிலிருந்து திரும்பியபின் தினம் நாற்பது நிமிடம் வாசிப்பது நல்லது.

கடைசியாக, அந்த இருபது பாடல்கள். உங்களுக்குத் தெரிந்தவை இருபது முன்னிசைகள். வீடியோக்கள் முன்னிசையைத்தான் கற்பிக்கும், கேட்டவுடன் அடையாளம் தெரிவது அதுதான் என்பதால். பத்தொன்பதை ஒதுக்கிவிட்டு, வரிவரியாகப் பாடத் தெரிந்த, மெதுவான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் என்று அதன் நடையை எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் தனி வாசிப்பு எதுவும் வேண்டாம். கார்டுகளை (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் chord-களை) மட்டும், தட்டுக்கு ஒரு அடியாக வாசித்து, பாடலை ஓடவிட்டு அதோடு கடைசிவரை போங்கள். தவறினால் நிற்காதீர்கள், அடுத்த தட்டில் ஏறிக்கொள்ளுங்கள். நின்று நின்று திருத்தும் பழக்கம்தான் உங்களை இருபது வினாடியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. மூன்றாம் வாரம் இடையிசையில் ஒன்றை, மேலே சொன்ன முதல் காலத்தில் தொடங்குங்கள்.

பெடல் இப்போது வேண்டாம், புதுக் கிட்டாரும் வேண்டாம். அந்த ஒரு பாடல் முழுதாக வந்த பிறகு மறுபடி எழுதுங்கள். அதற்கு எந்த ஒலி குறைகிறது என்று அப்போது உங்களுக்கே கேட்டிருக்கும். எந்தப் பெடல் அதைத் தரும் என்று நான் சொல்கிறேன்.