செட்டிநாட்டுப் பழைய வீட்டில் வைஃபை பின்கட்டு வரை வரவில்லை. ரவுட்டரை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பது: கானாடுகாத்தானில் பழைய வீடு, ஐந்தாறு வருட ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, அங்கே நன்றாக ஓடுகிறது, பின்கட்டில், அதாவது இரண்டாங்கட்டில், அப்பத்தாவுக்கு வீடியோ கால் வந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது, கடைக்காரர் நிறைய ஆன்டெனா வைத்த வைஃபை 7 (புதிய தலைமுறை வைஃபை) ரவுட்டரைக் காட்டுகிறார். நானும் தேவகோட்டைப் பக்கம் இதே மாதிரி வீட்டில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நெட் மெதுவாக வருகிறதா, இல்லை வைஃபை எட்டவில்லையா என்று முதலில் பாருங்கள். லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டு வேகம் பாருங்கள், அப்புறம் ரவுட்டர் பக்கத்திலேயே நின்று ஃபோனில் பாருங்கள், அப்புறம் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), கடைசியாக இரண்டாங்கட்டு. கேபிளிலேயே நீங்கள் பணம் கட்டுகிற வேகம் வரவில்லை என்றால் ஒன்று இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும், அல்லது ரவுட்டரின் லேன் போர்ட் (கேபிள் செருகும் இடம்) 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகாத வகையாக இருக்கும். அந்தப் போர்ட்டில் நீங்கள் 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டாலும் 95ஐ ஒட்டித்தான் வரும். உங்கள் வீட்டில் முகப்பில் நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள், அப்படியானால் சுவர்தான் விஷயம்.

நம் வீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும், பல இடங்களில் ஒரு முழ அகலத்துக்குக் குறையாது. முகப்பிலிருந்து பட்டாலை, வளவு தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் சிக்னல் அப்படிப்பட்ட சுவர்கள் இரண்டு மூன்றைக் கடக்க வேண்டும். வைஃபை அலைவரிசைகளில் (பேண்ட் என்பார்கள்) 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு ஊடுருவும், 5 அதைவிடக் குறைவு, வைஃபை 7இல் பெரிதாகப் பேசப்படும் 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதாவது எந்த வேகத்துக்காகப் பணம் கொடுக்கிறீர்களோ அது முகப்பைத் தாண்டாது. வைஃபை 7க்கான சான்றளிப்பே 2024 ஜனவரியில்தான் தொடங்கியது, வீட்டில் இருக்கும் ஃபோன்களில் எத்தனையில் அது இருக்கும் என்றும் பாருங்கள். ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாற வேண்டாம், ரவுட்டர் எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் அப்பத்தா கையில் இருக்கும் சின்ன ஃபோன் அதற்குத் திரும்பப் பதில் சொல்லியாக வேண்டும், அதன் சக்தி ரொம்பக் குறைவு.

சரி, என்ன செய்வது? ஒரு கேட்6 கேபிளை இரண்டாங்கட்டு வரை இழுத்து அங்கே 2.4, 5 என்று இரண்டு பேண்டும் உள்ள சாதாரண ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் கருவி) ஒன்றை வையுங்கள். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், தெருவுக்குத் தெரு நீளும் நம் வீடுகளுக்கும் பெரும்பாலும் போதும். வாங்கும்போது முழுச் செம்புக் கேபிளா, செம்பு பூசிய அலுமினியமா என்று கட்டாயம் கேளுங்கள், இரண்டாவது வேண்டாம். வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் மட்டும் வாங்காதீர்கள். பல ரிப்பீட்டர்கள் ஒரே பேண்டில் வாங்கி அதே பேண்டில் கொடுப்பதால் வேகம் பாதியளவுக்குக் குறைந்துவிடும், போதாததற்கு அதையும் சிக்னல் செத்த இடத்தில்தான் வைப்போம். பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் நல்லதுதான், ஆனால் கம்பி இல்லாமல் வைத்தால் அதற்கும் அதே சுவர்தான் குறுக்கே நிற்கும்.

ஓட்டை போடுவது பற்றித்தான் எனக்குக் கவலை. பழைய சுண்ணாம்புப் பூச்சை டிரில் வைத்துத் துளைத்தால் சில்லுச் சில்லாக உதிரும், அதே வேலையைத் திரும்பச் செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம். தேக்கு நிலையைத் தொடவே தொடாதீர்கள். ஏற்கெனவே மின்வயர் போகிற வழி இருக்கும், மேலே வெண்டிலேட்டர் இருக்கும், அதன் வழியாகக் கேசிங் போட்டுக் கொண்டுபோகலாம், ஆனால் மின்வயரோடு ஒரே குழாயில் சேர்த்துத் திணிக்க வேண்டாம். பொது வீடு என்றால் பங்காளிகளிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேபிளே வேண்டாம் என்று யாராவது சொன்னால், குறைந்தபட்சம் ரவுட்டரை முகப்பிலிருந்து வளவுக்கு மாற்றுங்கள். முற்றம் திறந்த வெளி, சுவர் இல்லாமல் சிக்னல் சுற்றிலும் நன்றாகப் பரவும். சாரல் படாத உயரத்தில் தூணை ஒட்டி வையுங்கள், பெல்ஜியம் கண்ணாடிக்கும் இரும்பு பீரோவுக்கும் பின்னால் வேண்டாம், கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், சிக்னலைத் திருப்பி அடிக்கும்.

பழைய ரவுட்டரை எப்போது மாற்றியே ஆக வேண்டும்? 2.4 மட்டும் உள்ளதாக இருந்தால், கம்பெனி பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால், அல்லது மேலே சொன்ன 100 போர்ட் உங்கள் திட்டத்தைத் தடுத்தால். அப்போதும் வைஃபை 6 போதும், 2018இல் வந்த டபிள்யூபிஏ3 பாதுகாப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் சென்னை, சிங்கப்பூரிலிருந்து எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு ஃபோன் வைத்திருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும், ஒரே நேரத்தில் நிறையக் கருவிகளைக் கவனிப்பதற்காகவே வந்த தலைமுறை அது.

அப்புறம், பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் செட்டிங்கில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து லேன் போர்ட்டில் கேபிள் செருகினால் அதுவே இரண்டாங்கட்டுக்கு ஆக்சஸ் பாயின்ட் ஆகிவிடும், பல மாடல்களில் இதற்குத் தனி மோடே உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வையுங்கள், அப்பத்தா எங்கே போனாலும் ஃபோன் தானாக மாறிக்கொள்ளும். கரண்ட் போனாலும் நெட் நிற்காமலிருக்க இரண்டு இடத்திலும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வைக்க வேண்டும், அடாப்டரில் 12 என்றுதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.