மைனஸ் 80-இல் வைத்த துரு வித்துகள் முளைக்கவில்லையா?
கோதுமையைத் தாக்கும் பூஞ்சையான தண்டுத்துருவின் வித்துகளை (ஸ்போர்களை) மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்து, வெளியே எடுத்ததும் நேராக அகார் என்னும் வளர்ப்புக் கூழ் மேல் தூவியதாகவும் பத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை செத்திருக்க வேண்டும் என்பதில்லை. கடுங்குளிர் இந்த வித்துகளை ஒருவித உறக்கத்தில் தள்ளிவிடும், அதைக் கலைக்க ஒரு சூட்டு அதிர்ச்சி தேவை: குழாயை நன்றாக மூடி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு 40–42 டிகிரி நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். அப்புறம் சில மணிநேரம் ஈரக்காற்றில் விடுங்கள், காய்ந்த வித்து திடீரென நீரைக் குடித்தாலும் கெட்டுவிடும்.

முளைக்க வைப்பது இருட்டில், சுமார் 20 டிகிரியில். (மஞ்சள் துருவாக இருந்தால் 10 டிகிரிதான் அதற்குப் பிடிக்கும்.) கொஞ்சமாகத் தூவுங்கள், நெருக்கமாகக் கிடந்தால் வித்துகளே சுரக்கும் தடைப்பொருள் ஒன்றையொன்று முளைக்க விடாது. ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.