இலவசக் கோடை முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: நானும் கணவரும் தினக்கூலி வேலை செய்கிறோம். நான்காம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளை இலவசக் கோடை முகாம் ஒன்றில் சேர்க்கும்படி அவளுடைய ஆசிரியை சொல்கிறார். இலவசமாக வந்த பிள்ளை என்று அவளைத் தாழ்வாக நடத்துவார்களோ, பிறகு ஏதாவது செலவு வைப்பார்களோ என்று அஞ்சுகிறேன். அனுப்பலாமா?
– ஒரு வாசகி

பதில்: அனுப்பலாம், சகோதரி, ஆனால் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்த பிறகு அனுப்புங்கள்.

இத்தகைய முகாம்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1876-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துப் பாதிரியார் வால்டர் பியோன், ஏழைக் குழந்தைகளை அப்பென்செல் மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். அடுத்த ஆண்டே வில்லார்டு பார்சன்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார், நியூயார்க் நகரக் குழந்தைகளைப் பென்சில்வேனியாவின் கிராமத்துக் குடும்பங்களில் தங்கவைத்தார். நல்ல காற்றும் வயிறார உணவும் கிடைக்க வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். விடுமுறையில் பள்ளி உணவு நின்றுபோகும் வீடுகளில் அந்தத் தேவை இன்றும் தீரவில்லை.

படிப்புக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தொடக்கப் பள்ளிப் பருவத்தில் பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறியதும், அவர்களுக்கிடையிலான இடைவெளி கோடையில் விரிந்ததும் தெரியவந்தது. பிற்கால ஆய்வுகள் அந்த இடைவெளியின் அளவில் மாறுபடுகின்றன என்றாலும், பெற்றோர் வேலைக்குப் போனபின் வீட்டில் தனித்திருக்கும் குழந்தைக்கு முகாம் நல்ல துணை என்பதில் எனக்கு ஐயமில்லை.

கட்டணம் வாங்காத முகாமிலும் போக்குவரத்து, சீருடை, காலணி, வெளியிடப் பயணம் ஆகியவற்றுக்குப் பணம் கேட்கப்படலாம் என்பதால், அவற்றை யார் ஏற்கிறார்கள் என்று முன்பே கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் வருமானச் சான்றிதழ் முகாம் அலுவலகத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது. பணம் கட்டிய பிள்ளைகளும் கட்டாத பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்ண வேண்டும். நன்கொடையாளர்களுக்குக் காட்டுவதற்காக உங்கள் மகளைப் படம்பிடிக்க அனுமதி கேட்டால், மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுத்ததற்காக இடம் தராத முகாம் உங்கள் மகளுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். பணியாளர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா, இரவுத் தங்கல் உண்டென்றால் யார் பொறுப்பு, மகள் விரும்பும்போது உங்களுடன் தொலைபேசியில் பேச முடியுமா என்பவற்றையும் கேளுங்கள். இவற்றைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பொறுப்புள்ள முகாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

இலவச இடங்கள் விரைவில் நிரம்பிவிடக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதை ஆசிரியையிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.