பெயரை அடித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

கேள்வி: விசாரணைக் கோப்பை வெளியிடும்போது சாட்சியின் பெயர், முகவரியைக் கறுப்படித்தால் போதாதா?

பதில்: ஊர் பேர் தெரியாதவர் படித்தால் போதும். ஆனால் சாட்சி அஞ்சுவது தெரிந்தவர்களுக்குத்தானே! "இரவு வேலை முடிந்து வந்தபோது எதிர்வீட்டுச் சன்னலில் அவனைப் பார்த்தேன்" என்ற ஒரு வரி போதும். அந்தத் தெருக்காரர்களுக்குப் பெயரே வேண்டாம். வேலை, நேரம், உறவுமுறை, கையெழுத்து எல்லாமே காட்டிக்கொடுக்கும். அதோடு ஒரே சாட்சி பல ஆவணங்களில் வருவார். ஒன்றில் வயதையும் இன்னொன்றில் தொழிலையும் மறைக்காமல் விட்டால், சேர்த்துப் படிப்பவருக்கு ஆள் கிடைத்துவிடுவார். அதனால் பக்கம் பக்கமாக அல்ல, ஒவ்வொரு சாட்சியாக எடுத்துக்கொண்டு கோப்பு முழுவதையும் பார்க்க வேண்டும். கடைசியில் இருக்கும் பெயர் அட்டவணையையும்தான்.

கேள்வி: பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் போட்டால் பத்திரம்தானே?

பதில்: கட்டம் மட்டும் போட்டால் எழுத்து அடியில் அப்படியே கிடக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரச்சாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் இதுதான் நடந்தது. மறைத்த பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியதும் படிக்க முடிந்தது. எழுத்தையே நீக்க வேண்டும்.

கேள்வி: இப்படி எல்லாவற்றையும் மறைத்தால் விசாரணையில் நடந்த தவறை யார் கண்டுபிடிப்பது?

பதில்: நியாயமான கேள்வி. வெறும் கறுப்புக்குப் பதில் 'சாட்சி 4' என்று கோப்பு முழுக்க ஒரே குறியீடு போடலாம். யார் எப்போது பேச்சை மாற்றினார் என்பது அப்போதும் தெரியும். விசாரித்த அதிகாரியின் பெயரை எளிதில் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. அவர் செய்தது அரசு வேலை.

கேள்வி: பழைய வழக்குதானே, எல்லாரும் இறந்திருப்பார்களே?

பதில்: அப்படி நினைத்துக்கொள்வதுதான் வம்பு. 1963-இல் நடந்த அமெரிக்க அதிபர் கென்னடி கொலை பற்றிய கோப்புகள் 2025 மார்ச்சில் வெளியானபோது, உயிரோடு இருப்பவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் (அங்கே ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அடையாள எண்) வெளியே வந்துவிட்டன.

கேள்வி: நீதிமன்றத்தில் பகிரங்கமாகச் சாட்சி சொன்னவருக்கும் மறைப்பு தேவையா?

பதில்: அங்கே சொன்னது பெரும்பாலும் ஏற்கெனவே வெளியானதுதான். எனக்குக் கவலை, விசாரித்துவிட்டு கூண்டுக்கே அழைக்காமல் விட்டவர்களைப் பற்றி. கோப்பில் அவர்களும் நிறையவே இருப்பார்கள். சந்தேகப்பட்டு விடுவித்தவர்களும் உண்டு. வெளியிடும் முன் அவர்களிடம் மறைத்த பிரதியைக் காட்டிக் கேளுங்கள். எந்த வரி தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.