கிருமி ஆயுதம் கையில் இருப்பதை எதிரிக்குச் சொல்லலாமா?

கேள்வி: இரண்டு கிரகங்களுக்கு இடையே நடக்கும் போரை வைத்து அறிவியல் புனைவு நாவல் ஒன்று எழுதிவருகிறேன். பலவீனமான தரப்பிடம் ஒரு கிருமி ஆயுதம் இருக்கிறது. "எங்களிடம் இது இருக்கிறது, நெருங்காதீர்கள்" என்று அதன் தளபதி மூன்றாம் அத்தியாயத்தில் ஒளிபரப்பில் அறிவிக்கிறார். கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர், உயிரியல் ஆயுதத்தை யாரும் இப்படிப் பறைசாற்ற மாட்டார்கள் என்கிறார். இன்னொருவர், வெளியே சொல்லாவிட்டால் அதை வைத்திருந்து என்ன பயன் என்கிறார். இதற்கிடையே 'அறிவியல் ஆலோசகர்' ஒருவர், கட்டணம் கொடுத்தால் உண்மையான ஆய்வுக்கூட விவரங்களும் கசிந்த ராணுவ ஆவணங்களும் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? தளபதியை என்ன செய்வது?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

தளபதி விஷயத்தில் நண்பர்கள் இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஓர் ஆயுதத்தைக் காட்டி மிரட்ட வேண்டுமானால் அது இருப்பது எதிரிக்குத் தெரிந்தாக வேண்டும். அணுகுண்டில் இது எளிது. வெடித்துக் காட்டலாம், எதிரி பார்த்துவிட்டான் என்பதற்காகக் குண்டின் வலு குறைந்துவிடாது. கிருமி அப்படி அல்ல. எந்தக் கிருமி என்று தெரிந்த அன்றே எதிரியின் மருத்துவர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். தடுப்பூசி, மருந்து, கண்டறியும் சோதனை, விண்கலங்களில் தனிமை அறை என்று எல்லாம் வரும். தளபதி வாய் திறந்த அளவுக்கு ஆயுதம் மழுங்கும். பெயரைச் சொல்லாமல் பொத்தாம்பொதுவாக மிரட்டினாலோ, வெறும் வாய்ச்சவடால் என்று எதிரி சிரிப்பான். நிரூபிக்க வேண்டுமானால் எங்காவது பரப்பிக் காட்ட வேண்டும். பரப்பிய பிறகு அதற்கு மிரட்டல் என்று பெயர் இல்லை.

இன்னொன்று, நோய் தானாகவும் வரும். முதல் உலகப் போரில் ஜெர்மானிய முகவர்கள், நேச நாடுகளுக்குக் கப்பலேறவிருந்த குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் நோய்க்கிருமிகளைச் செலுத்தினார்கள். நெருக்கியடித்த கப்பலில் குதிரை நோயுற்று விழுந்தால் யாரும் சதி என்று நினைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அடித்தவன் யார் என்று தெரியாமல் அடிக்கலாம் என்பதே இந்த ஆயுதத்தின் கவர்ச்சி. முன்கூட்டியே ஒளிபரப்பில் அறிவித்துவிட்ட உங்கள் தளபதியோ, அடுத்த நூறு ஆண்டுகளுக்கு எதிரி கிரகத்தில் எவருக்குச் சளி பிடித்தாலும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே மறைக்கட்டும். ஆனால் மறைப்பது என்றதும் எழுத்தாளர்கள் நிலத்தடிக் குகையையும் எஃகுக் கதவையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். நடந்த வரலாற்றில் மறைப்பு வேலையைப் பெரும்பாலும் செய்தது பெயர்ப்பலகை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனாவின் ஹார்பின் நகருக்கு அருகே மனிதர்கள் மீது கிருமிச் சோதனை நடத்திய ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவு, ஏட்டில் ஒரு தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் நீர் சுத்திகரிப்புத் துறை. 1972இல் உயிரியல் ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சோவியத் ஒன்றியம், மை காய்ந்த ஓரிரு ஆண்டுகளில் பயோபிரெபராட் என்ற அமைப்பைத் தொடங்கியது. வெளிப்பார்வைக்கு அது மருந்தும் தடுப்பூசியும் தயாரிக்கும் குடிமைத் துறை நிறுவனம். பல்லாயிரம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். 1989இல் அதன் விஞ்ஞானி விளாதிமிர் பசெச்னிக் பிரிட்டனுக்குத் தப்பிவந்து சொல்லும்வரை அதன் உண்மையான அளவு மேற்குலகுக்குத் தெரியவில்லை. உங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் கேட்டாலே கொட்டாவி வரும் ஒரு பெயர் வையுங்கள்.

இந்த இரகசியம் முதலில் யாரைக் கொல்லும் என்பதை நீங்கள் யோசித்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. நாவலின் உயிர் அங்கே இருக்கிறது.

1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்த்லோவ்ஸ்க்கில் மக்கள் திடீரென்று காய்ச்சலிலும் மூச்சுத்திணறலிலும் விழுந்து இறந்தார்கள். ராணுவ வளாகம் ஒன்றிலிருந்து, கால்நடைகளையும் மனிதரையும் கொல்லும் ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமி வித்துகள் காற்றில் கசிந்திருந்தன. மருத்துவமனைகளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த ஃபைனா அப்ரமோவாதான் ஆந்த்ராக்ஸ் என்று கண்டுகொண்டார். அரசு சொன்ன காரணம், நோயுற்ற மாட்டின் இறைச்சி. தெருநாய்களைச் சுட்டார்கள், கட்டடங்களைக் கழுவினார்கள், சோவியத் உளவுத்துறையான கேஜிபி மருத்துவமனைப் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்த வேலை பதின்மூன்று ஆண்டுகள் ஓடியது. 1992இல்தான் ராணுவமே காரணம் என்று ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொண்டார்.

பொய் எப்படிக் குலைந்தது என்பதைக் கவனியுங்கள். அப்ரமோவாவும் சக மருத்துவர் லெவ் கிரின்பர்க்கும் இறந்தவர்களின் திசு மாதிரிகளைக் காதும் காதும் வைத்தாற்போல ஒளித்து வைத்திருந்தார்கள். கெட்ட இறைச்சியைத் தின்றவருக்குக் குடலில் தொடங்க வேண்டிய பாதிப்பு, இவர்களுக்கு நெஞ்சுக்குள் இருந்தது. அதாவது சுவாசித்திருக்கிறார்கள். பிறகு உயிரியலாளர் மேத்யூ மெசல்சன் தலைமையில் வந்த அமெரிக்கக் குழுவினர், இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய், கசிவு நடந்ததாகக் கருதப்பட்ட ஏப்ரல் 2ஆம் தேதி பகலில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று விசாரித்து வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். பெரும்பாலான புள்ளிகள் ராணுவ வளாகத்திலிருந்து தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் நீளும் ஒரு குறுகிய பட்டைக்குள் விழுந்தன. அதே கோட்டை நீட்டினால் 50 கிலோமீட்டர் வரை உள்ள கிராமங்களில் ஆடுமாடுகள் செத்திருந்தன. அன்று காற்று வீசிய திசையும் அதுவேதான். குழு உறுதிசெய்த சாவுகள் 66. தொடக்கத்திலேயே எல்லா மருத்துவர்களுக்கும் உண்மையைச் சொல்லி, காற்று வீசிய பக்கம் இருந்தவர்களுக்கெல்லாம் உடனே நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்திருந்தால் பலர் பிழைத்திருக்கலாம். சில நோயாளிகளுக்கு அறிகுறி தெரியவே வாரக்கணக்கில் ஆனது, அவகாசம் இருந்தது. உங்கள் நாவலில் இப்படி ஒரு மருத்துவர் இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். தளபதியைவிட அவர் கதைக்கு அதிகம் உதவுவார்.

சரி, ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னால் நம்புவார்களா? அதற்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1969 நவம்பர் 25 அன்று, உயிரியல் ஆயுதங்களைக் கைவிடுவதாக அமெரிக்க அதிபர் நிக்சன் பகிரங்கமாக அறிவித்தார். கைவிடவும் செய்தார்கள். சோவியத் தரப்பு அதை ஏமாற்று வேலை என்றே எடுத்துக்கொண்டது. 1991 டிசம்பரில் சோவியத் நிபுணர் குழு ஒன்று அமெரிக்க இடங்களைப் பார்வையிட வந்தது. குழுவில் ஒருவரான கென் அலிபெக் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு காட்சி வருகிறது. விசித்திர வடிவத்தில் ஒரு கிடங்கைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்கிறார்கள். உள்ளே என்ன? பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, என்கிறார்கள் அமெரிக்கர்கள். ஒருவர் இறங்கிப் போய் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார். உப்பேதான். இருபது ஆண்டுக்கு முன் சொன்ன உண்மையை உறுதிப்படுத்த ஓர் அதிகாரி நாக்கை நீட்ட வேண்டியிருந்தது! அலிபெக் 1992இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

இரகசியத்தை உடைக்க அழகான உளவாளி ஒருத்தியை வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கணக்கேடு போதும். 1990களில் ஈராக்கைச் சோதித்த ஐநா குழு, நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊட்டப்பொருள் டன் கணக்கில் இறக்குமதியானதைக் கொள்முதல் விவரங்களில் பிடித்தது. மருத்துவமனைப் பரிசோதனைக்கு வாங்கியது என்றது ஈராக். திறந்தால் கெட்டுப்போகும் பொருள் அது. மருத்துவமனைகள் சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் வாங்கும். வந்ததோ பெரிய பீப்பாய்களில். பிடி இறுகியதும், கிருமிகளை உற்பத்தி செய்தது உண்மைதான் என்று 1995 ஜூலையில் ஈராக் ஒப்புக்கொண்டது. உங்கள் நாவலிலும் சரக்குக் கிடங்கின் எழுத்தர் ஒருவரே எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம்.

இனி ஒரு விதிவிலக்கு. பகிரங்கமாக அறிவித்தே தீரவேண்டிய கிருமி ஆயுதம் ஒன்று உண்டு: வேலியாகப் பயன்படுவது. ஓர் இடத்துக்குள் எவரும் கால் வைக்கக் கூடாது என்பதே நோக்கம் என்றால், அங்கே நஞ்சு இருப்பதை எல்லோருக்கும் சொன்னால்தான் அது வேலி. சொல்லாவிட்டால் வெறும் படுகுழி. ஸ்காட்லாந்துக் கரையை ஒட்டிய குரூய்னார்டு தீவில் 1942இல் பிரிட்டன் ஆந்த்ராக்ஸ் குண்டுகளைச் சோதித்தது. கட்டி வைத்திருந்த ஆடுகள் செத்தன. வித்துகள் மண்ணில் தங்கிவிட்டன. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கே இருந்தது எச்சரிக்கைப் பலகைதான். 1986இல் கடல்நீரில் 280 டன் ஃபார்மால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலைக் கலந்து தெளித்து, பிறகு ஆடுகளை மேயவிட்டுப் பார்த்து, 1990இல்தான் பலகையை எடுத்தார்கள். பிரிட்டன் வேலி போட நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனால் விளைவு வேலிதான். உங்கள் பலவீனமான கிரகம் தன் துணைக்கோள் ஒன்றை இப்படி ஆக்கிவிட்டு, "இறங்கினால் திரும்பமாட்டீர்கள்" என்று அறிவித்தால் நான் நம்புவேன். அங்கே எந்தக் கிருமி என்று சொன்னாலும் பெரிய நஷ்டம் இல்லை, ஏனென்றால் ஆயுதம் பரவ வேண்டியதில்லை; கிடந்தால் போதும். ஆனால் மூன்று நிபந்தனைகள். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாத கிருமியாக இருக்க வேண்டும். பல ஆண்டுகள் மண்ணில் தாக்குப்பிடிக்க வேண்டும். அங்கே உங்கள் சொந்த மக்கள் யாரும் இருக்கக் கூடாது. இவ்வளவு இருந்தும் வேலி இருந்த இடத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 1981இல் யாரென்று தெரியாத ஒரு குழு, அந்தத் தீவின் மண் என்று சொல்லி ஒரு பொதியைப் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வு மையத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போனது. மண்ணில் ஆந்த்ராக்ஸ் இருந்தது. தீவைச் சுத்தம் செய்யுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. துணைக்கோளின் மண்ணை ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து வையுங்கள்.

இரு கிரகங்களுக்கும் இடையே தடை ஒப்பந்தம் இருப்பதாக எழுதப்போகிறீர்களா? தாராளமாக எழுதுங்கள், ஆனால் சீருடையில் ஆய்வாளர்கள் வந்து கதவைத் தட்டுவதாக எழுதாதீர்கள். நம் பூமியின் ஒப்பந்தம் 1975 மார்ச் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது; சரிபார்க்கும் ஆய்வாளர் ஒருவர்கூடக் கிடையாது. ரசாயன ஆயுதத்துக்குத் தி ஹேக் நகரில் தனி அமைப்பும் ஆய்வாளர்களும் உண்டு. உயிரியலுக்கு ஆண்டுதோறும் நிரப்பும் படிவங்கள். அதையும் பல நாடுகள் அனுப்புவதில்லை, அனுப்பும் சில நாடுகள் பொதுப் பார்வைக்கு வைப்பதில்லை. சரிபார்ப்பு முறை ஒன்றை உருவாக்க ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். 2001இல் அமெரிக்கா கைவிரித்ததும் எல்லாம் நின்றது. அன்றிலிருந்து கூடுகிறார்கள், ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் போடலாமா என்று விவாதிக்கிறார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துக் கலைகிறார்கள். இதை அப்படியே எழுதினால் பகடி என்பார்கள்.

கடைசியாக, அந்த ஆலோசகர். இப்படிப்பட்டவர்கள் விற்கும் 'கசிந்த ஆவணங்கள்' பெரும்பாலும் அரசுகளே இரகசியப் பட்டியலிலிருந்து விடுவித்தவை. ஆவணக் காப்பகங்களில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். மேலே 'மிக இரகசியம்' என்ற பழைய முத்திரை அப்படியே இருப்பதால் மலைத்துப் போகிறோம். மிச்சம் இட்டுக்கட்டியவை. 'உண்மையான ஆய்வுக்கூட விவரங்கள்' பொய்யாக இருந்தால் பணம் போயிற்று. மெய்யாக இருந்தால் அதைக் காசுக்கு விற்பவரிடமிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியுமோ அவ்வளவு தூரம் நில்லுங்கள். 'அறிவியல் முறைப்படி சரிபார்க்கப்பட்டது' என்று பின்னட்டையில் போடச் சான்றிதழும் தருவார்கள். அப்படிச் சான்றளிக்க யாரும் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. உங்கள் வாசகர் மரபணு வரிசையைக் கேட்கப்போவதில்லை. வார்டுக்கு வெளியே நிற்கும் செவிலியருக்கு என்ன பொய் சொல்லப்பட்டது என்று கேட்பார். அதற்கு ஆலோசகர் வேண்டாம்.

ஆகவே மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். ஒளிபரப்பை வைத்தே ஆகவேண்டுமென்றால் துணைக்கோள் வேலியைப் பற்றியதாக மாற்றுங்கள். இல்லையென்றால் தளபதியை உட்காரவைத்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாத ஓர் அமைச்சரைப் பேசவிடுங்கள். "எங்களிடம் அப்படி எதுவும் இல்லை" என்று அவர் மனதார மறுக்கட்டும், எதிரி நம்பாமல் இருக்கட்டும். கிருமிக்கு நிஜப் பெயர் வைக்காதீர்கள், கற்பனைப் பெயரே போதும். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய எத்தனை நாள் என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்து எல்லா அத்தியாயங்களிலும் மாறாமல் வைத்திருங்கள். இந்த இடத்தில் கோட்டைவிடாத கைப்பிரதியை நான் அரிதாகவே பார்க்கிறேன். திருத்திய அத்தியாயத்தை அனுப்பினால் அந்த நாள் கணக்கைப் பார்த்துத் தருகிறேன், கட்டணம் இல்லாமல்.