மேடையில் பயமில்லாமல் பேச என்ன வழி? ஒரு மைக்செட்காரனின் பதில்

"நாலு பேர் முன்னாடி எழுந்து நின்னாலே தொண்டை வறண்டு போகுது, கை நடுங்குது. தைரியமா மேடையில பேச என்ன பண்ணலாம்?" இதுதான் கேள்வி.

தம்பி, நீங்க அனேகமா ஆபீஸ்ல பிரசன்டேஷன் கொடுக்கிற ஆளா இருப்பீங்க. நான் சிவகாசி பக்கம் மைக்செட் கடை வச்சிருக்கேன். இவனுக்கு என்ன தெரியும்னு சிலர் கேட்பீங்க. கேளுங்க. பேசுறவரோட முகத்தைக் கூட்டம் பார்க்கும். முதுகையும் காலையும் பார்க்கிறவன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நான்தான். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிக் கூட்டிட்டு வந்த பேச்சாளருக்கே வேட்டிக்குள்ள முட்டி ஆடுறதைப் பார்த்திருக்கேன். முன்வரிசைக்குக்கூட அது தெரியாது. அதனால நடுக்கம் நின்னப்புறம் பேசலாம்னு காத்திருக்காதீங்க.

என் கதைக்கு வர்றேன். ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுங்கிறது 2000-ஆம் வருஷத்து விதி. விதி சரிதான், பிள்ளைங்க படிக்க வேண்டாமா? ஆனா ஆறு மணிக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் எட்டரைக்கு வருவார். அப்புறம் பொன்னாடை. பொன்னாடை போட்டவருக்குப் பதில் பொன்னாடை. பத்து தாண்டினதும் போலீஸ் வந்தா தூக்கிட்டுப் போறது என் ஆம்ப்ளிஃபயரை. இதை எங்க தொழில் சங்க மாவட்டக் கூட்டத்துல யாராவது பேசணும்னு பேச்சு வந்தப்போ செயலாளர், "அண்ணாச்சி, நீங்களே பேசிருங்க"ன்னுட்டார்.

காலமெல்லாம் "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" சொன்ன வாய்தான். ஆனா "எல்லாருக்கும் வணக்கம்"னு சொன்ன உடனே எதிர்ச்சுவத்துல பட்டு என் குரல் திரும்பி வந்துச்சு பாருங்க, யாரோ என்னை அதட்டுற மாதிரி இருந்துச்சு. கையில இருந்தது பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. அதுக்குப் பின்னாடிதான் குறிப்பு எழுதியிருந்தேன். மெல்லிசுத் தாளா இருந்தா நடுக்கத்தைப் பெருசாக்கிக் காட்டும், அட்டை காட்டாது. முதல் ரெண்டு வரி மட்டும் மனப்பாடம். மிச்சமெல்லாம் "10 மணி, போலீஸ், பாக்கி"ன்னு ஒத்தை வார்த்தைங்க. மூணாவது வரிசையில குழாய் ஸ்பீக்கர் கட்டுற நம்ம ஆள் ஒருத்தர் இருந்தார். அவர்கிட்ட டீக்கடையில புலம்புற மாதிரியே புலம்பினேன். "லேட்டா வந்தவருக்குப் பொன்னாடை, நேரத்துக்கு வந்த என் ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்டேஷனா?"ன்னதும் ஹால் சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் என்னை நிறுத்தத்தான் துண்டுச்சீட்டு அனுப்ப வேண்டியதாப் போச்சு.

இந்தக் குரல் திரும்பி வர்ற விஷயத்தை யாரும் சொல்லித் தர்றதில்லை. சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மைதானத்துல 100 மீட்டர் தள்ளிக் குழாய் கட்டியிருந்தா, அதுல இருந்து வர்ற உங்க குரல் கிட்டத்தட்ட கால் செகண்டுக்கு மேல தாமதமா உங்க காதுக்கு வரும். புதுசாப் பேசுறவங்க அதைக் கேட்டு ஒண்ணு குழறுவாங்க, இல்லை கத்துவாங்க. ஆன்லைன் மீட்டிங்ல எக்கோ அடிச்சா நாக்கு தடுமாறுதே, அதே சங்கதிதான். பழைய அரசியல் பேச்சாளர்கள் ஒரு வாக்கியத்தை முடிச்சு, குரல் போய் அடங்கினதும் அடுத்ததை எடுப்பாங்க. அதுல பாதி நடை, பாதி குழாய்ங்கிறது என் அபிப்பிராயம். தமிழ் படிச்சவங்க சண்டைக்கு வராதீங்க.

அதனால கூட்டத்துக்கு அரை மணி முன்னாடி போங்க. மைக்செட் தம்பிகிட்ட கேட்டு நாலு வரி பேசிப் பாருங்க. நம்ம குரல் நமக்கு எலும்பு வழியாவும் கேக்குறதால கனமாத் தெரியும். ஸ்பீக்கர்ல வர்றப்போ வேற யாரோ மாதிரி மெலிசா இருக்கும். அந்த அதிர்ச்சி காலி நாற்காலிங்க முன்னாடியே முடிஞ்சிரட்டும். மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல் இடைவெளி, வாய்க்குக் கொஞ்சம் கீழ. நேரா வச்சா "ப" சொல்றப்போ எல்லாம் டொப்புடொப்புன்னு வெடிக்கும். நீங்க குனியாதீங்க, ஸ்டாண்டை ஏத்துங்க. தயவுசெஞ்சு மைக்கை ஊதாதீங்க. கார்ட்லெஸ் மைக்கை எடுத்துக்கிட்டு ஸ்பீக்கர் பாக்ஸ் முன்னாடி போய் நிக்காதீங்க, கூன்னு ஊளையிடும், திட்டு எனக்கு விழும்.

பழக இடம் கேட்டா, சொந்த ஊர் கிராம சபைக்குப் போங்கன்னு சொல்வேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ன்னு வருஷத்துல ஆறு நாள் நடக்குது. தெருவிளக்கு எரியலைன்னு ரெண்டு நிமிஷம் கேளுங்க. அங்க மார்க் போட நடுவர் கிடையாது, விளக்கு நிஜமாவே எரியலைங்கிறதால வார்த்தையும் தானா வரும்.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. போன தேர்தல் கூட்டத்து வாடகை எனக்கு இன்னும் வரலை. எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன். எந்தக் கட்சிக்காரர் படிச்சாலும் தன்னைத்தான் சொல்றான்னு நினைச்சுக் கொடுத்துட்டா சந்தோஷம்.