ஈவுத்தொகை எங்கிருந்து வருகிறது? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு 54 வயது. இன்னும் நான்கு ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறேன். அதன் பிறகு யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்பதற்காக, சேமிப்பின் பெரும்பகுதியை ஈவுத்தொகை தரும் பங்குகளில் போடலாம் என்று எண்ணியிருக்கிறேன். பங்குகளை ஈவுத்தொகை விகிதப்படி வரிசைப்படுத்தி, மேலே வந்த பத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றின் சராசரி 9 சதவீதம். முதலிடத்தில் இருப்பது 12 சதவீதம் தருகிறது. வங்கி வட்டியைவிட இது அதிகம், முதலும் அப்படியே இருக்கும், நாளடைவில் வளரவும் செய்யும் என்கிறார் நண்பர் ஒருவர். இது சரிதானா? ஓய்வு வரை கிடைக்கும் ஈவுத்தொகையை எடுத்துச் செலவழிக்கலாமா, அல்லது மீண்டும் பங்கில் போட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே வருமானத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள்; அது நல்லது. ஆனால் அந்தப் பத்துப் பங்குகளில் எதையும் இப்போது வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வங்கி தரும் வட்டி ஓர் ஒப்பந்தம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன தேதியில் சொன்ன தொகையை வங்கி தந்தாக வேண்டும். ஈவுத்தொகைக்கு அப்படிப்பட்ட கடப்பாடு கிடையாது. நிறுவனம் ஈட்டிய பணத்தில் எவ்வளவைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று இயக்குநர் குழு ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்கிறது. குறைக்கவும், அடியோடு நிறுத்தவும் அதற்கு உரிமை உண்டு. முதல் அப்படியே இருக்கும் என்று உங்கள் நண்பர் சொன்னதும் சரியில்லை. 100க்கு விற்கும் பங்கு 4 ஈவுத்தொகை அறிவித்தால், அதைப் பெறும் தகுதி முடிகிற நாளில், வேறு செய்தி எதுவும் இல்லாவிட்டால், விலை ஏறத்தாழ 96க்கு இறங்கும். நிறுவனத்தின் பெட்டியில் இருந்த 4 உங்கள் பைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். மில்லர், மோடிக்லியானி என்ற இரு பொருளியலாளர்கள் 1961இலேயே இதைக் கோட்பாடாக எழுதினார்கள்: வரி, தரகு போன்ற இடையூறுகள் இல்லாத சந்தையில், ஈவுத்தொகை கொடுப்பதாலேயே ஒரு நிறுவனத்தின் மதிப்பு கூடிவிடாது.

உங்கள் பட்டியலை நான் அஞ்சுவதற்குக் காரணம், அதை வரிசைப்படுத்திய முறை. விகிதம் என்பது ஈவுத்தொகையை விலையால் வகுத்து வருவது. ஆண்டுக்கு 5 தரும் பங்கு 100க்கு விற்றால் விகிதம் 5 சதவீதம். ஏதோ ஒரு கெட்ட செய்தி கசிந்து விலை 50க்கு விழுந்துவிட்டால், யாரும் ஒரு காசு கூட்டித் தராமலேயே விகிதம் 10 சதவீதம் ஆகிவிடுகிறது. ஆகவே விகிதத்தை வைத்து மேலிருந்து பத்து எடுக்கிறபோது, எந்தெந்த நிறுவனங்களின் ஈவுத்தொகை நிலைக்காது என்று சந்தை சந்தேகப்படுகிறதோ அவற்றையே நீங்கள் பொறுக்கி எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். சந்தையின் சந்தேகம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஆனால் அது தவறு என்று நீங்களே கணக்குப் பார்த்து உறுதிசெய்யாதவரை அந்த 12 சதவீதத்தை வருமானமாக எண்ணக் கூடாது.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். 9 சதவீதம் தந்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் பங்கை அந்த எண் ஒன்றுக்காகவே வாங்கினேன். இரண்டாம் ஆண்டில் ஈவுத்தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. விலையும் பாதிக்குக் கீழே போனது. அதன் பிறகுதான் பழைய ஆண்டறிக்கையை எடுத்துவைத்து, பணப்புழக்க அறிக்கை இருந்த பக்கத்தை வரிவரியாக விரல் வைத்துப் படித்தேன். தொழிலில் இருந்து வந்த பணம் ஒரு வரியில். இயந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் போன பணம் அடுத்த பகுதியில். இரண்டையும் கழித்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குக் கீழே, புதிதாக வாங்கிய கடன் ஒரு வரியிலும் கொடுத்த ஈவுத்தொகை இன்னொரு வரியிலும் கிட்டத்தட்ட ஒரே தொகையாக நின்றன. கடன் வாங்கி எனக்கு ஈவுத்தொகை கொடுத்திருக்கிறார்கள். அது நான் வாங்குவதற்கு முன்பே அச்சாகியிருந்தது.

பெரிய பெயர் என்பதும் காப்பு ஆகாது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 2009இல் காலாண்டு ஈவுத்தொகையை 31 சென்ட்டில் இருந்து 10 சென்ட்டாகக் குறைத்தது. பிறகு மெல்ல உயர்ந்து 24 சென்ட்டுக்கு வந்ததை 2017இல் பாதியாக்கி, 2018இல் ஒரே ஒரு சென்ட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஈவுத்தொகையைக் குறைத்ததே இல்லை என்ற பெயரெடுத்திருந்த ஷெல் நிறுவனமும், 2020இல் எண்ணெய் விலை சரிந்தபோது 47 சென்ட்டை 16 சென்ட்டாக வெட்டியது.

இவ்வளவு சொன்னதால் ஈவுத்தொகைப் பங்குகளே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றை நான் மதிப்பது, வளரக்கூடிய வருமானம் என்பதற்காக. பெர்க்‌ஷயர் ஹாத்வே என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் கோகோ-கோலாவின் 40 கோடிப் பங்குகளை ஏழு ஆண்டுகளில் சிறிது சிறிதாக வாங்கி 1994இல் முடித்தது. மொத்தச் செலவு 130 கோடி டாலர். அந்த ஆண்டு அதற்குக் கிடைத்த ஈவுத்தொகை 7.5 கோடி டாலர். 2022இல் அதே பங்குகள் 70.4 கோடி டாலர் தந்தன, அதாவது போட்ட முதலில் பாதிக்கும் மேல் ஒரே ஆண்டில். இதே பெர்க்‌ஷயர் தன் பங்குதாரர்களுக்கு, முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பொறுப்பில், ஒரே ஒரு முறை 1967இல் ஈவுத்தொகை கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். லாபத்தைத் தொழிலிலேயே போட்டு நன்றாகப் பெருக்கத் தெரிந்தவர்கள் அதைப் பிரித்துக் கொடுக்காமல் இருப்பதும் பங்குதாரருக்கு நன்மைதான்.

ஆனால் வளர்ச்சி கையில் தெரியக் காலம் பிடிக்கும். 100 முதலீட்டுக்கு ஆண்டுதோறும் 8 தந்து அப்படியே நிற்கும் பங்கையும், முதலாண்டு 3 தந்து ஆண்டுக்கு 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போகும் பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது பங்கின் ஆண்டு வருமானம் முதலாவதை 12ஆம் ஆண்டில்தான் தாண்டும். அதுவரை வாங்கிய மொத்தத் தொகையில் முந்துவதற்கு 19ஆம் ஆண்டு வரை ஆகும். அத்தனை ஆண்டுகள் விடாமல் 10 சதவீதம் கூட்டித் தருவதும் எளிதன்று. மறுபக்கம், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் உங்கள் செலவு இரட்டிப்பாகும்; அப்போது அசையாமல் நிற்கும் 8க்கு இன்றைய 4 அளவுதான் வாங்கும் சக்தி இருக்கும். ஓய்வுக்குப் பிறகு 25, 30 ஆண்டுகள் வாழத் திட்டமிடும் ஒருவருக்கு இரண்டு வகையும் வேண்டும் என்பதே என் கருத்து. ஓரளவு விகிதமும் ஓரளவு வளர்ச்சியும் உள்ள நடுத்தரப் பங்குகள், உச்ச விகிதப் பங்குகளைவிட உங்கள் வயதுக்குப் பொருத்தமானவை.

நான் வாங்க நினைக்கும் ஒவ்வொரு பங்குக்கும் நோட்டில் பத்து ஆண்டுகளுக்கான கட்டம் போடுகிறேன். ஒரு பங்குக்கான லாபம், ஒரு பங்குக்கான ஈவுத்தொகை, தொழில் செலவும் இயந்திரச் செலவும் போக மிஞ்சிய ரொக்கம், மொத்தக் கடன் ஆகிய நான்கையும் கையால் எழுதுகிறேன். லாபத்தில் பாதியளவு கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் 80, 90 சதவீதம் என்று ஏறுவதும், அதே ஆண்டுகளில் கடன் கூடுவதும் எழுதும்போதே கண்ணில் படும். உலோகம், எண்ணெய், கப்பல் போன்ற தொழில்களில் நல்ல காலத்தில் லாபம் குவியும், ஈவுத்தொகையும் பெருகும். விகிதம் மிகக் கவர்ச்சியாகத் தெரிவது பெரும்பாலும் அந்த உச்சத்தில்தான். சொத்தை விற்றதால் ஒரு முறை கொடுத்த சிறப்பு ஈவுத்தொகையையும் பல இணையதளங்கள் கூட்டிச் சேர்த்து விகிதம் காட்டுகின்றன. உங்கள் 12 சதவீதப் பங்கில் இதை முதலில் பாருங்கள்.

செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் வரும்வரை தொட வேண்டாம். அந்தப் பணத்தில் மேலும் பங்குகள் வாங்கினால், அடுத்த முறை அந்தப் பங்குகளுக்கும் சேர்த்து ஈவுத்தொகை வரும். அதே பங்கில்தான் போட வேண்டும் என்பதில்லை. அப்போது எது நியாயமான விலையில் இருக்கிறதோ அதில் போடுங்கள். சில நாடுகளில் கையில் வாங்கும் ஈவுத்தொகைக்கு உடனே வரி உண்டு, ஆகவே வரி போக மிஞ்சுவதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ஓய்வு பெறும் நாளில் இரண்டு ஆண்டுச் செலவுக்கான தொகை வங்கி வைப்பில் தனியாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2020 போல ஓர் ஆண்டு வந்து நான்கைந்து நிறுவனங்கள் ஒரே நேரத்தில் ஈவுத்தொகையைக் குறைத்தால், அந்தத் தொகை இருப்பவர் விழுந்த விலைக்குப் பங்கை விற்க நேராது.

பத்துப் பங்குகளுக்கும் அந்த நான்கு எண்களை எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகும் எவை பட்டியலில் நிற்கின்றன என்று எனக்குத் தெரிவியுங்கள். அவற்றைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.

அன்புடன்